நினைவிழப்பும் முன்னறிதலும்

நோய் நீங்குதற்பொருட்டு நினைவாற்றலின் ஒரு பகுதியை இழத்தல் தக்கதோ என்பது, மூளையை அறுத்துச் செய்யும் மருத்துவம் தோன்றிய பின்னரே எழுந்த வினா. அதனை ஒரு மெய்ந்நிகழ்ச்சி கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டில் 1926-இற் பிறந்த ஹென்றி மொலேசன் என்பார் மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயால் வருந்தினார். 1953-இல், அவர்க்கு 27 ஆண்டு நிரம்பிய காலத்து, ஹார்ட்போர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்னும் மருத்துவர், இரு பொட்டுகளின் உட்புறத்தே அமைந்த மூளைப் பகுதிகளை அகற்றினார். கடற்குதிரையின் பெயரால் வழங்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியும் உடன் நீங்கிற்று. வலிப்புக் குறைந்தது, ஆயின் புதிய நிகழ்ச்சியை நெஞ்சில் நிறுத்தும் ஆற்றலும் ஒழிந்தது. சற்றுமுன் உரையாடிச் சென்றார் மீண்டு வரின், அவர்க்குப் புதியராகவே தோன்றினர். 2008-இல் இறக்குங்காறும் அந்நிலை மாறிற்றில்லை. ஆயினும், கண்ணாடியிற் றோன்றும் நிழலை நோக்கி விண்மீன் வடிவை வரையுமாறு பிரெண்டா மில்னர் பயிற்றியபோது, முன் வரைந்தமை நினைவில் இல்லாதிருந்தும், கை நாளடைவில் தேறிற்று.

நினைவு ஒழியின் ஆளும் ஒழிந்தான் என்பாரும் உளர். அது பொருந்தாது. நினைவு கருவி, அதனைக் கொண்டு அறிவான் வேறு. ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்பதே சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தின் துணிபு. அற்றேல், கருவி கெடுதலால் வரும் இழவு சிறிதோ எனின், அன்று. கருவியின்றி உயிர்க்கு உலகறிவு நிகழாமையின், கருவியைக் கெடுத்தல் உயிரை இருளில் நிறுத்துதலோடு ஒக்கும்.

மொலேசனுக்கு நேர்ந்ததனை அறிந்த பின், மருத்துவர் இருபுறமும் அகற்றுதலை விடுத்து ஒருபுறமே அகற்றுவாராயினர். இழவை முன்னறியும் வழிகளையும் தேடினர். மூளையின் ஒருபாதியை மருந்தால் சிறிது நேரம் உறக்கி மறுபாதியின் திறனை அளக்கும் சோதனை, ஜப்பானியரான ஜூன் வாடாவின் பெயரால் வழங்குகின்றது. மொழிக்குரிய பக்கத்தை, பெரும்பாலார்க்கு இடப்பக்கத்தை, அறுப்பின் சொல்நினைவு குன்றும் வாய்ப்பு மிகும். நோயால் முன்பே சுருங்கிய ஹிப்போகாம்பஸை நீக்கின் இழவு பெரும்பாலும் சிறிது. செவ்வனே தொழில் செய்வதை நீக்கின் பெரிது. ஆகலின், நன்னினைவுடையானே மிகுதியும் இழக்கற்பாலனாகின்றான்.

இனி அறம் யாதெனின்: முன்னறிதல் பலரைக் கண்டு கூறும் கணிப்பு, நோயாளனோ ஒருவன். ஒரே அளவான சொல்நினைவிழவு, நூல்களை நெஞ்சிற்கொண்டு கற்பிப்பானுக்கு வாழ்வின் முதலையே வாங்குவதாகும். கைத்தொழிலால் வாழ்வானுக்கு அத்துணைத்தன்று. இவ்வேறுபாட்டை எச்சோதனையும் காட்டாது. நோயாளன் வாயினின்றே அறிதல் வேண்டும். அறுவையை அஞ்சி விலக்குதலும் தீங்கற்றதன்று. அடங்காத வலிப்பு உயிரையும் வாங்க வல்லது. அன்றியும், இழந்தபின் இழவை அளத்தற்குரிய நினைவே குன்றியிருத்தலின், பின்னர் முறையிட்டுக்கொள்ளலாம் என விடுதல் ஒவ்வாது. ஆகலின், கருவி முழுமையாயிருக்கும்போதே வருவதனை மறையாது உரைத்தல் மருத்துவர் கடன். கேட்டுத் துணிதல் அக்கருவிக்குரியான் உரிமை. கணிப்புத் துணைசெய்யலாம், துணிவு அவனதேயாதல் வேண்டும் என்க.