காவல் நிலையத்தின் செலவு யார் தலையில்?

புதுச்சேரியின் லாஸ்பேட்டை காவல் நிலையத்துக்குக் கூடுதல் நிதி கொடுத்தால், அங்கே புகாரோடு வருபவருக்குக் கூடுதல் நீதி கிடைக்குமா? கிடைக்கும் என்றே பலரும் நம்புகிறோம். சாத்தான்குளம் காவல் நிலையம் அந்த நம்பிக்கையை உடைத்தது. 2020 ஜூனில் வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அங்கே போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி, பின்னர் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது இது: நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவைச் சேமிக்க இடமும் இருந்தது, ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். அரசுப் பணம் கருவியை வாங்கித் தந்தது. பதிவு அழிகிறதே என்று கேட்கும் மேலதிகாரியைத் தரவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவைக் குறைந்தது ஓராண்டு காக்கச் சொன்னது. மேற்பார்வைக் குழுக்களையும் அமைக்கச் சொன்னது. பின்னதுதான் முக்கியம்.

அப்படியானால் நிதியைக் குறைத்துவிடலாமே என்பது பெரும் பிழை. காகிதத்துக்கும் பெட்ரோலுக்கும் நிலையத்தில் பணமில்லை என்றால் அந்தச் செலவு மறைந்துபோகாது. புகார்தாரர் தலையில் விழும். கொடுக்க முடிந்தவரின் வழக்கு நகரும், வீட்டுவேலை செய்து பிழைப்பவரின் மனு மேசையிலேயே கிடக்கும். வரியாக ஒருமுறை வாங்கியதை ஏழையிடம் மறுபடி வாங்குவது அநீதி. சீர்திருத்தத்துக்கும் பணம் வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, புலன் விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்கவும், காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வைக்கவும் சொன்னது. இரண்டுக்கும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஓய்வில்லாத பந்தோபஸ்துதான் காவலரை முரடராக்குகிறது என்பார்கள். அதில் பாதி உண்மை. களைப்பு ஒரு கடுஞ்சொல்லுக்குக் காரணமாகலாம். சாத்தான்குளத்தில் இரவெல்லாம் அடித்ததற்கு ஆகாது. அங்கே அடித்தவரைத் தடுக்க யாருமில்லை என்பதே காரணம்.

ஆகவே பணம் கொடுக்கத்தான் வேண்டும், கணக்குக் கேட்டே கொடுக்க வேண்டும். புதுச்சேரி சட்டப்பேரவையில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது, லாஸ்பேட்டை வாக்காளர்களே, உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள்: நம் நிலையத்துக் கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள்?