வேண்டித் தோற்கிறவன்

சிரம்பானுக்கு அருகே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த செண்டாயானில், லயத்து வாழ்வை விட்டுப் புதுக் குடியிருப்புக்கு மாறிவிட்ட உறவினர் வீட்டில் ஒரு மாலைப் பொழுது தங்கியிருந்தேன். அவ்வீட்டுப் பையன் கைபேசியில் தன் கற்பனைக் கூடைப்பந்து அணியை நிர்வகித்துக்கொண்டிருந்தான். “மாமா, இந்த சீசன் முழுக்கத் தோத்துக்கிட்டே போகணும், கடைசி இடத்துல நின்னாத்தான் அடுத்த சீசன்ல நல்ல ஆட்டக்காரன் நமக்கு முதல்ல கிடைப்பான்” என்றான். விதியை மீறவில்லை, ஆகவே குற்றமும் இல்லை என்பது அவன் தர்க்கம். விதியை மீறாத செயலிலும் அதர்மம் இருக்கக்கூடுமோ?

தளர்ந்தவனைத் தூக்கிவிடும் கருணையிலிருந்தே, கடைசியில் நிற்பவனுக்கு முதல் தேர்வு என்ற அந்த விதி பிறந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துக் கழகம், புதிய ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுப்பதில் பலவீனமான அணிகளுக்கே முன்னுரிமை அளித்து வந்தது. அந்தக் கருணையையே சிலர் முதலாக வைத்து வியாபாரம் செய்கிறார்களோ என்ற ஐயம் வலுத்தபோது, 1985இல் குலுக்கல் முறையைக் கொணர்ந்தது. 2019இல், கடைசி அணிக்கு முதல் தேர்வு கிட்ட இருந்த 25 சதவீத வாய்ப்பை 14 ஆகக் குறைத்து, கடைசி மூன்று அணிகளுக்கும் அதைச் சமமாக்கியது. விதியால் இவ்வாறு லாபத்தைக் குறைக்க முடியும். லோபத்தைக் குறைப்பது அதன் சக்திக்கு அப்பாற்பட்டது.

வெற்றியில் பற்றற்றவன்தானே மனமுவந்து தோற்கிறான், அதுவே கீதை போதிக்கும் நிஷ்காம கர்மம் அன்றோ என்று ஒருவர் வினவலாம். அன்று. கீதை துறக்கச் சொல்வது பலனை. இவன் துறப்பதோ கர்மத்தை. நாளைய பலனில் கொண்ட தீராத மோகத்தால் இன்றைய கடமையைக் கைவிடுகிறவனைத் துறவி என்று எவ்வாறு சொல்வது? இப்படித்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்கில், அடுத்த சுற்றுகளில் அனுகூலமான எதிரிகளைப் பெறும் பொருட்டுப் பந்தை வலையிலேயே அடித்த பூப்பந்து வீராங்கனைகள் எண்மர் வெளியேற்றப்பட்டனர். அரங்கில் கூச்சலிட்ட ஜனங்கள், தாங்கள் வஞ்சிக்கப்பட்டதைத் தீர்ப்பு வருமுன்னரே உணர்ந்திருந்தார்கள்.

பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் முதுகில் பாண்டியன் வீசிய பிரம்படி, சராசரங்கள் அனைத்தின்மேலும் பட்டது என்கிறது திருவிளையாடல். ஈசன் வேலையில் காட்டிய சோம்பல் அடியார்பொருட்டு ஆடிய லீலை. நம் சோம்பல் நம்பொருட்டே ஆடும் கபடம். ஆயினும் ஒருவன் வாங்கும் அடி ஊரெல்லாம் படும் என்ற உண்மை இரண்டுக்கும் பொது. வேண்டித் தோற்கிறவன் ஓர் அணிக்கு உழைக்காத வெற்றியைத் தானமளித்து, அதனோடு போட்டியிடும் வேறோர் அணியின் உழைப்பை அபகரிக்கிறான். அந்த அணியை நடத்துகிறவன், முகமறியாத தேசத்தில், இவனைப்போலவே கைபேசியுடன் அமர்ந்திருக்கும் ஒரு பையனாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் அவனிடம் பிரசங்கம் செய்யவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் சீவக் கிழட்டு மரங்களே மிகுந்த நிரை கிடைத்த காலத்திலும், பால் வற்றிய மரமென்று ஒன்றையும் சீவாமல் விட்டு வராத அவன் பாட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். மறுவாரம் அவன் தன் சிறந்த ஐவரையே களத்தில் இறக்கினான். ஏழு புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றான்.