பிரம்பும் செவியும்

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. ஒடித்த இடத்தில் முருங்கை மீண்டும் துளிர்க்கும் என்பது உண்மையே. ஆயின் உவமை ஒன்று அழகாக அமைந்துவிட்டதனால் மாத்திரம் அது உண்மையை உரைத்துவிட்டதாகாது. மரத்திற்கு நோவு பற்றிய நினைவு இல்லை, பிள்ளைக்கு உண்டு. தன்னை ஒடித்தவனைக் கண்டு மரம் ஒளிவதில்லை, பிள்ளை ஒளிகின்றது. இளைஞரின் உளநலத்தைப் பேணுதல், பாடசாலைகளில் வன்செயலைத் தடுத்தல் என்பன பற்றிச் சிந்திப்போர் முதலிற் கவனிக்கவேண்டியது இந்த வேறுபாட்டையே. அச்சத்தினாற் பெறப்படும் ஒழுங்கு ஒழுக்கமாகுமா? ஆகாதெனின், அவ்வொழுங்கிற்காகச் சமூகம் கொடுக்கும் விலை யாது?

பிள்ளையை அடித்துத் திருத்துதல் ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரிய வழக்கமன்று. திண்ணைப் பள்ளிகளிற் 'கோதண்டம்' என்ற பெயரால் மாணவனைக் கயிற்றிலே தொங்கவிடும் தண்டனை இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1883-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, ஆசிரியர் தமது தற்றுணிபை நியாயமான அளவிற் பயன்படுத்தி மாணவனை அடித்தல் குற்றமாகாது என்பதை ஓர் உதாரணமாகவே எடுத்துக்காட்டிற்று. 1889-இல் உடற்றண்டனைக்கெனத் தனியொரு கட்டளைச் சட்டம் பிறந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991-இல் ஏற்றுக்கொண்டது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் 23-ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றங்கள் விதித்துவந்த உடற்றண்டனையை ஒழித்தது. அதே ஆண்டிற் கல்வி அமைச்சின் சுற்றுநிருபமொன்று பாடசாலைகளில் உடற்றண்டனை வழங்குவதைத் தடைசெய்தது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் அறைந்ததனாற் செவிப்பறை பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் விலக்கும் அரசியலமைப்பின் 11-ஆம் உறுப்புரையே அத்தீர்ப்பிற்கு அடிப்படையாயிற்று.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்துவந்த பின்னரும் வகுப்பறை அதனுடன் சேர்ந்து நடக்கவில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் சார்பில் நடத்தப்பெற்று 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு தவணைக் காலத்துள் ஒரு முறையேனும் உடற்றண்டனை பெற்றதாகக் கூறிய மாணவர் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பதின்மர். சட்டம் விலக்கியதைச் சமூகம் விலக்கவில்லை என்பதே இதன் பொருள். அடி பயன்தருகின்றது என்று பெற்றோரும் ஆசிரியரும் மெய்யாகவே நம்புகின்றனர். எனவே வாதம் சட்டத்தோடு முடிவதன்று; அந்நம்பிக்கையோடு நிகழவேண்டியது.

இந்நம்பிக்கையை ஐயுற்றோர் பண்டைக் காலத்திலும் இருந்தனர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த குயின்ரிலியன் என்னும் கல்வியாளர், அடித்தல் அடிமைகளுக்கே ஏற்றதென்றும், அதனால் விளையும் வெட்கம் பிள்ளையின் உள்ளத்தை ஒடுக்கி அதனை வெளிச்சத்துக்கே அஞ்சச் செய்யுமென்றும் எழுதினார். 1693-இற் கல்வி பற்றிய நூலை வெளியிட்ட ஜோன் லொக், அடிமைத்தனமான கண்டிப்பு அடிமைத்தனமான இயல்பையே உண்டாக்கும் என்றார். ஆயினும் பிடிவாதத்துக்கு மட்டும் அவர் விலக்களித்தார். கட்டுப்பாட்டின் இன்றியமையாமையை வற்புறுத்திய இம்மானுவேல் கான்ற்கூட, உடல்மீதான தண்டனை அடிமை மனப்பான்மையை வளர்த்துவிடக் கூடாதென எச்சரித்தார். தமிழ் மரபிலோ, 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். குற்றத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம் தக்கபடி ஒறுத்தலை அவர் மறுக்கவில்லை. ஆயின் குடிகள் அஞ்சும்படி நடக்கும் அரசு கெடும் என்பதே அவ்வதிகாரத்தின் சாரம். நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையும் ஒரு சிற்றரசே. அதன் குடிகளுக்கு வேறு நாட்டுக்குப் பெயர்ந்து செல்லும் வசதியும் இல்லை.

இவர்கள் கூற்றுகளிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. அடி, செயலை நிறுத்தும். செயலுக்குக் காரணமான எண்ணத்தை அது தொடுவதில்லை. அடிபட்ட மாணவன் "இது தவறு" என்று கற்பதைவிட "இது அகப்படக் கூடாதது" என்றே விரைவிற் கற்கின்றான். பார்ப்பார் இல்லாதவிடத்தும் நிற்பதே ஒழுக்கம். பார்ப்பார் உள்ளவிடத்து மாத்திரம் நிற்பது வெறும் ஒழுங்கு. முதல் வினாவிற்கு இதுவே விடை.

இரண்டாம் வினா இதனினும் கடுமையானது. பிரம்பினால் விளையும் பெருங்கேடு உடம்பிற் படும் தழும்பு அன்று. அது பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றது என்பதே. தவறு செய்தால் அடிப்பவர் எவரோ, அவரிடத்துத் தன் துயரைச் சொல்லப் பிள்ளை துணியாது. துயருக்கும் தவறுக்கும் இடையிலுள்ள எல்லை பிள்ளையுள்ளத்திற் தெளிவாக இருப்பதில்லை. சக மாணவர் தன்னைத் துன்புறுத்துவதையும், பெரியவர் ஒருவர் தன்னிடம் முறைகேடாக நடப்பதையும், காரணம் புரியாமல் மனம் சோர்ந்து கிடப்பதையுங்கூடத் தன்னுடைய குற்றமாகவே பிள்ளை எண்ணிக்கொள்கின்றது. குற்றமெனின் தண்டனை உண்டு. ஆகவே மௌனமே காப்பு. இவ்வாறு, எந்தக் கை பிள்ளையைக் காக்கவேண்டுமோ அந்தக் கையையே அதற்கு அச்சத்திற்குரியதாக்கிவிடுகின்றது பிரம்பு.

கொழும்பிலே தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நோக்குவார்க்கு இது வெறுந் தத்துவமன்று. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல இங்கே வாடகை அறைகளிலும் தொடர்மாடி வீடுகளிலும் வாழ்வைத் தொடங்கின. தந்தையோ தமையனோ கடல் கடந்த நாடொன்றிலிருந்து அனுப்பும் பணத்தில், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடக்கம் உயர்தரம் வரை பிள்ளையின் பயணம் திட்டமிடப்படுகின்றது. பாடசாலை விட்டதும் ரியூசன். அது முடிந்ததும் வீட்டுப்பாடம். ஒரு நாளில் அப்பிள்ளை சந்திக்கும் பெரியோர் பலர், அவர்களுட் கற்பிப்போர் பலர், கண்டிப்போர் பலர், "உனக்கு என்ன?" என்று கேட்டு விடைக்குக் காத்திருப்போர் மிக அரியர்.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொட்டாஞ்சேனையிற் பாடசாலை மாணவி ஒருத்தியின் மரணத்தை அடுத்து, நீதி வேண்டி அப்பகுதியிலும் பம்பலப்பிட்டியிலும் மக்கள் திரண்டனர். பாராளுமன்றத்திலும் அவ்விடயம் பேசப்பட்டது. எவர்மீது குற்றம் என்பதைத் தீர்மானித்தல் நீதிமன்றத்தின் பணி. அதனை இங்கு ஆராய்தல் முறையன்று. ஆயின் ஒழுக்கவியல் நோக்கில் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் இயலாது. ஒரு பிள்ளையின் மறைவிற்குப் பின் வீதியிலே குரல் கொடுக்க ஆயிரம் வாய்கள் உண்டாகின்றன. அப்பிள்ளைகள் வாழும் நாளிலே அவர்கள் குரலைக் கேட்கும் செவிகள் எத்தனை?

அடைபட்ட துயர் அழிந்துவிடுவதில்லை. அது சிலரிடத்து உட்புறமாகத் திரும்பித் தம்மையே வருத்துகின்றது. வேறு சிலரிடத்து வெளிப்புறமாகத் திரும்பித் தம்மினும் எளியாரை வருத்துகின்றது. ஆகவே உளநலமும் வன்செயல் தடுப்பும் இரு வேறு பிரச்சினைகள் அல்ல. பல்கலைக்கழகத்தார் இதனை அயலார் கதையாகக் கேட்டல் பொருந்தாது. 1997-இற் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டில், 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்தது. சட்டம் வந்தது, வழக்கம் முற்றாக மாயவில்லை. "நாங்களும் பட்டோம், நீங்களும் படுங்கள்" என்னும் நியாயம் பல்கலைக்கழகத்தில் முளைத்ததன்று. "அடி வாங்கித்தான் நாங்கள் மனிதரானோம்" என்று வீட்டிலும் பாடசாலையிலும் பல ஆண்டுகள் கேட்ட நியாயத்தின் மறுபதிப்பே அது.

இதற்கு ஆசிரியர் தரப்பில் எழும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. நெரிசலான வகுப்பு, முடிக்கவேண்டிய பாடத்திட்டம், போதாத சம்பளம். இவற்றிடையே பிரம்பையும் பறித்தால், முரட்டு மாணவனிடமிருந்து மெலிந்த மாணவனைக் காப்பது எங்ஙனம்? இவ்வினா நியாயமானது. ஆயின் அடியை விலக்குதல் என்பது கட்டுப்பாட்டையே விலக்குதல் அன்று. நோர்வே நாட்டின் அனுபவம் இதற்குச் சான்றாகும். 1982-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் வடபகுதியிற் சிறுவர் மூவர் சக மாணவரின் துன்புறுத்தல் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் எனக் கருதப்பட்டபோது, அரசு நாடளாவிய இயக்கமொன்றை மறு ஆண்டே தொடங்கியது. உளவியலாளர் டான் ஒல்வியஸ் பேர்கன் நகரில் ஏறத்தாழ 2,500 மாணவரிடையே நடத்திய ஆய்வில், துன்புறுத்தல் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்ததாக அறிவித்தார். அங்கே விதிகள் இருந்தன. மீறியோர்க்குத் தவறாமல் விளைவுகளும் இருந்தன. இடைவேளையில் ஆசிரியரின் கண்காணிப்பு இருந்தது. பெற்றோருடன் உரையாடல் இருந்தது. உடலை வருத்தும் தண்டனை மட்டும் இல்லை. கண்டிப்பும் கனிவும் ஒருங்கே இயலும் என்பதையே இது காட்டுகின்றது.

இனி, இலங்கையில் உள்ள வளங்கள் யாவை? சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசிச் சேவை உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் சேவை உண்டு. துயருற்றோர்க்குச் செவிகொடுக்கவென்றே 1974-இற் கொழும்பில் தோன்றிய சுமித்ரயோ என்னும் தொண்டர் அமைப்பு உண்டு. பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களும் உளர். எனினும் இவ்வளங்களுக்கும் பிள்ளைக்கும் இடையே இரு சுவர்கள் நிற்கின்றன. ஒன்று இழிவு பற்றிய அச்சம். மனநல நிறுவகம் அமைந்துள்ள 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயர் கொழும்பில் ஏளனச் சொல்லாக வழங்குமளவும், மனச்சோர்வுற்ற இளைஞன் அதனை நோயெனக் கூற நாணுவான். மற்றையது பாத்திரக் கலப்பு. காலையிற் பாடம் கற்பித்துப் புள்ளியிட்டுத் தண்டிப்பவரே மாலையில் ஆலோசகராக அமருமிடத்து, மாணவன் எந்த முகத்தை நம்புவான்? பிரம்பைப் பிடித்த கையும் நம்பிக்கைக்குரிய செவியும் ஒருவரிடத்தே நிலைத்தல் அரிது. ஆகவே கற்பித்தற் சுமையின்றி ஆலோசனைக்கெனவே பயிற்றப்பட்டவர், மாணவர் பேசும் மொழியிலேயே பேசுபவர், ஒவ்வொரு பாடசாலைக்கும் தேவை. சொன்னதை ஊரறிய உரையாமையும், உயிருக்கு ஆபத்து எனக் கண்டவிடத்து மறைத்துவையாது உடனே உதவி நாடுதலும் அவர்க்குரிய இரு கடமைகள்.

இவற்றை அரசு செய்யவேண்டும். ஆயின் அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. கேள்வியைச் செல்வமென மதித்த மரபு தமிழ் மரபு. அங்கே கேள்வி என்றது கற்றார் வாயிலாகக் கேட்பதை. கல்லாத, சொல்லத் தெரியாத, சொன்னாற் பிழையாகிவிடுமோ என்று அஞ்சுகின்ற சிறியார் வாயிலாகக் கேட்பதும் அச்செல்வத்தின்பாற் சேர்க்கப்படவேண்டும். இன்று பல்கலைக்கழகத்தில் அமர்ந்திருப்போர் நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஒரு பிள்ளையின்முன் நிற்பர். பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்லத் தொடங்கும் அந்தக் கணத்தில் அவர்கள் முதலிற் கேட்பது "நீ என்ன செய்தாய்?" என்பதா, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்பதா? அந்தத் தெரிவிலேதான் இவ்வினாவின் விடை தங்கியுள்ளது.