அட்சய திரிதியையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும்

 

அட்சய திரிதியை என்றவுடன் இந்நாளில் பலருக்கும் நகைக் கடையே நினைவுக்கு வருகின்றது. நமக்கோ அது ஒரு கவளம் உணவின் நாள். அதனினும் நுட்பமாகச் சொல்லின், ஒரு கைப்பிடிக் கருப்பஞ்சாற்றின் நாள். முதல் தீர்த்தங்கரராகிய விருஷப தேவர் அரசு துறந்து ஆறு திங்கள் அசையாது யோகத்தில் நின்றார். பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அவரிடம் அன்பில்லாதவர்கள் அல்லர். தம்மை மக்களாக வாழச் செய்தவர் அவர் என்பதனை மறந்தவர்களும் அல்லர். யானையைக் கொண்டு வந்து நிறுத்தினர், பொற்குவியலைப் படைத்தனர், பட்டாடையும் மணியணியும் ஏந்தி நின்றனர், கன்னியரைக் கூட அழைத்து வந்தனர். பசித்தவருக்கு உணவு கொடுக்க வேண்டும் என்பது மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. பகவான் வாய் திறந்து கேட்பவரும் அல்லர். பல திங்கள் இவ்வாறே கழிந்தன. இறுதியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன், முற்பிறப்பில் முனிவர்க்குத் தானம் அளித்த நினைவு எழப்பெற்று, கருப்பஞ்சாற்றை அவர் கைகளில் வார்த்தான்.

இக்கதையை ஆண்டுதோறும் கேட்கின்றோம். கேட்கும்போதெல்லாம் நம்மைச் சிரேயாம்சனாகவே எண்ணிக் கொள்கின்றோம். பொன் ஏந்தி நின்றோமே, அந்த ஊரார் நாமாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அடியேன் அந்த ஊராரில் ஒருவனாக இருந்தேன். அதனை இன்று சொல்லவே இங்கு நிற்கின்றேன்.

அடியேன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பள்ளியில் கணக்குக் கற்பித்தவன். 2003ஆம் ஆண்டு என் வகுப்பில் நம் சிராவக இல்லத்துப் பிள்ளை ஒருவன் ஒன்பதாம் வகுப்புப் படித்தான். தந்தையார் குத்தகை நிலத்தில் மணிலா பயிரிடுபவர். பிள்ளை திங்கட்கிழமைகளில் வரமாட்டான். பிறகு திங்களும் செவ்வாயும் வரமாட்டான். வந்த நாளில் கடைசி வரிசையில் தலை குனிந்து இருப்பான். எங்கள் பள்ளிக்குப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற பெருமை ஒன்று இருந்தது. அதைக் காக்கும் வழியும் ஒன்று இருந்தது. தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையின் தந்தையை ஒன்பதாம் வகுப்பின் முடிவிலேயே வரவழைத்து, வேறு பள்ளியில் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது. அந்தத் தந்தையாரை வரவழைத்தவன் அடியேன். "நன்றாகப் படி அப்பா, முயற்சி உடையவனுக்கு எல்லாம் வரும்" என்று பிள்ளையின் தோளைத் தட்டி அனுப்பியவனும் அடியேனே. அவன் வேறு எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. நெல் மண்டியில் மூட்டை சுமக்கப் போனான்.

சில ஆண்டுகளுக்கு முன் பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியர் திருவடிகளை வணங்கி இறங்குகையில், ஒருவர் தம் மகளைக் கையில் பிடித்தவாறு வந்து வணங்கினார். அவரேதாம். சுமை வண்டி ஓட்டுகின்றாராம். பழங்கதை பேசிக்கொண்டு வந்தவர் நகைத்துக்கொண்டே சொன்னார்: "சார், எனக்குக் கணக்கு வராமல் இல்லை. பின்னம் ஒன்றுதான் புரியவில்லை. அஞ்சாம் வகுப்பில் அம்மை போட்டு ஒரு மாதம் படுத்துவிட்டேன். அப்போது நடத்தினார்களாம்." அவர் சினந்து சொல்லவில்லை, அதுவே என்னைச் சுட்டது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது பின்னக் கணக்கு; மாலை வேளையில் ஒரு மாதம் அமர்ந்தால் முடிந்திருக்கும். நான் அளித்தது அறிவுரை. பசித்தவர் முன் யானையைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, முன் வைக்கின்றார். கத்தி எடுத்தவன் மட்டுமே இம்சை செய்பவன் அல்லன் என்பது அதனால் பெறப்படும். எறும்பு மிதிபடாமல் நடக்கப் பழகிய நாம், ஒரு பிள்ளையின் பதினைந்தாம் வயதை மிதித்துக்கொண்டு போகின்றோம், கீழே பார்ப்பதில்லை.

பதினைந்தாம் வயது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கே உரியது. எட்டாம் வகுப்போடு அந்தக் குடை பெரும்பாலும் மடங்கிவிடுகின்றது. அதன் பின் ஒன்பதும் பத்தும். அங்கேதான் பாடங்களும் கடினமாகின்றன. அங்கேதான் பிள்ளையின் கையும் கூலி வாங்கும் அளவுக்கு வளர்கின்றது. அப்பருவத்தில் வழுக்குபவனைப் பிடிக்க வேண்டியவர் யார்? நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று ஸ்திதிகரணம். நெறியினின்று வழுவுவாரை மீண்டும் நிலைநிறுத்தல். நற்காட்சிக்கே அங்கமாக ஆன்றோர் இதனை வைத்தனர். நெறியில் நிற்கும் முனிவர்க்கும் இல்லறத்தார்க்கும் சொல்லப்பட்டதைப் பள்ளிப் பிள்ளைக்குப் பொருத்துவது தகுமோ என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். விழுபவனைத் தாங்கும் பழக்கம் வீட்டில் இல்லாதவன், மடத்தில் மட்டும் எங்ஙனம் தாங்குவான் என்று அவரைத் திருப்பிக் கேட்டேன்.

இவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் வாரிஷேண முனிவரைக் கூறும். சிரேணிக மன்னரின் மைந்தர் அவர். அவரோடு துறவு பூண்ட தோழர் ஒருவர். உடல் துறந்ததேயன்றி மனம் துறக்கவில்லை. வீட்டில் விட்டு வந்த மனைவியையே பன்னிரண்டு ஆண்டுகள் எண்ணிக் கொண்டிருந்தார். வாரிஷேணர் அவரை ஏசவில்லை. பிறர் அறியத் தூற்றவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் உடனிருந்தார். இறுதியில் அவர் ஊர் திரும்பத் துணிந்தபோது, தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வமும் மனைவியரும் எத்தகையன என்று கண்முன் காட்டினார். தோழர் நாணி நிலைபெற்றார். அவர் மனம் எங்கே சிக்கியிருக்கின்றது என்பதனை அறிந்த பின்பே மருந்து கொடுத்தார் என்பதனை நோக்குக. பன்னிரண்டு ஆண்டுகள் என்பதனையும் நோக்குக. நாமோ ஒரு மாலைப் பொழுது கூடச் செலவிடுவதில்லை.

நம் ஊர்களில் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடக்கின்றது. முதல் மதிப்பெண் பெற்றவர்க்கு வெள்ளிப் பதக்கம், பொன்னாடை, புகைப்படம். வேண்டாம் என்று சொல்லேன். ஆயினும் தேறாத பிள்ளை அன்று எங்கே இருந்தான் என்று எந்த ஊரிலாவது கேட்டதுண்டா? அவன் கோயிலுக்கும் வரமாட்டான். முடிவு வெளியான மறுநாள் தெருவில் இறங்கினால், "எத்தனை?" என்று நான்கு பேர் கேட்பார்கள், எதிர்வீட்டுப் பிள்ளையின் எண்ணைச் சொல்லிக் காட்டுவார்கள். அச்சொல்லும் இம்சையே. அச்சொல் தாளாமல் உயிரையே விட்ட பிள்ளைகள் உண்டு. வீட்டில் அப்படி மனம் உடைந்தவன் இருப்பின் அன்றிரவு அவனைத் தனியே விடாதீர்கள். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண் உண்டு, வெட்கப்படாமல் அழையுங்கள்.

இனிச் செய்யத் தக்கதைச் சொல்கின்றேன். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்திலோ இரண்டு பாடத்திலோ தேறாதவன் ஆண்டு முழுவதையும் இழந்தவன் அல்லன். தேறாத பாடங்களை மட்டும் அதே ஆண்டில் ஓரிரு திங்களுக்குள் நடைபெறும் துணைத் தேர்வில் எழுதலாம். தேறினால் அவ்வாண்டே பதினொன்றாம் வகுப்பிலோ தொழிற்கல்வியிலோ சேரலாம். வேண்டுவது முப்பத்தைந்து மதிப்பெண். இதனை அறியாமலே பிள்ளையை வேலைக்கு அனுப்பிய பெற்றோர் என் அனுபவத்தில் பலர். விண்ணப்பிக்கும் நாள்கள் மிகச் சிலவே என்பதால், முடிவு வந்த அன்றே பள்ளித் தலைமையாசிரியரைக் காண வேண்டும். நம் கோயில் மண்டபங்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வெறுமையாகவே கிடக்கின்றன. சமண முனிவர் உறைந்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்திற்கும் நாம் பள்ளி என்றே சொல்கின்றோம். ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுத்த நன்னூல் பவணந்தி முனிவர் நம்மவர். ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் அந்த மண்டபத்திற்குப் புதியன ஆகா.

பிழைக்கும் வழியைப் பற்றியும் ஒரு சொல். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை உலகிற்கு வகுத்தவர் விருஷப தேவர். ஆதிபுராணம் கூறும் செய்தி ஒன்று எனக்கு மிகவும் உவப்பானது. தம் மைந்தர் அனைவருக்கும் அவர் ஒரே பாடத்தைக் கற்பிக்கவில்லை. பரதனுக்குப் பொருள்நூலும் நாட்டியமும், விருஷபசேனனுக்கு இசை, அனந்தவிஜயனுக்கு ஓவியம், பாகுபலிக்கு வில்வித்தை, மருத்துவம், மணிகளைத் தேர்ந்தறியும் கலை. நமக்கு இரண்டே பிள்ளைகள், இருவருக்கும் பொறியியல்! கைத்திறன் மிக்க பிள்ளை ஐ.டி.ஐ. செல்வதைச் சொல்ல நாணுகின்றோம். மின்பணியாளர், பிட்டர் முதலிய பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன் போன்ற சிலவற்றிற்கு எட்டாம் வகுப்பே போதும். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பட்டயம் பெற்றவன், பின்னர் பொறியியலின் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். வழி ஒன்று அடைபட்டால் பக்கத்தில் வேறொரு வழி திறந்திருக்கின்றது. ஆனால் ஏறக்குறைய எல்லா வழிகளுக்கும் வாயிற்படி பத்தாம் வகுப்பு. ஆகவேதான் அதனை இத்துணை வற்புறுத்துகின்றேன்.

பெண் பிள்ளைகளின் தாய்மார்களே! உங்களிடம் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விருஷப தேவர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். மைந்தர்களுக்குக் கற்பித்தது அதற்குப் பின்னரே. உலகின் முதல் மாணவியர் அவர்தம் புதல்வியர். தம்பியைப் பார்த்துக்கொள்ளவும், களத்தில் மணிலா ஆயவும் மகளைப் பத்தாம் வகுப்பில் நிறுத்துவது அவர் காட்டிய வழி அன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டத்தை 2022இல் தமிழக அரசு தொடங்கியது. செலவுக்கு அஞ்சுவோர் இத்தகைய உதவிகளைப் பள்ளியில் கேட்டறிக.

பொன்னூர் மலையடிவாரத்தில் அன்று சந்தித்த அந்தச் சிறுமி, அப்போது ஐந்தாம் வகுப்பு. பின்னம் புரிகிறதா அம்மா என்று கேட்டேன். தந்தையைப் பார்த்தாள். மண்டபப் படியில் அமர்ந்தோம். கையில் இருந்த கொய்யாப் பழத்தை அவள் தந்தை நான்காக அறுத்துக் கொடுத்தார். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று அவளைக் கேட்டேன். மூன்று துண்டுகளை எடுத்து என் கையில் வைத்தாள்.

இவ்வாண்டுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அடியேன் நம் கோயில் மண்டபத்தில் காலை முதல் இருப்பேன். தேறிய பிள்ளைகள் இனிப்போடு வரட்டும். தேறாத பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அவனை நீங்களே கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.