பச்சைக் கருப்பூரமும் ஆசிரியர் கடமையும்

சைவப் பாடசாலைகளிலே கல்வி பயிற்றும் ஆசிரியர்காள்!

சந்நிதியிலே கருப்பூர தீபங் கண்டு வந்த பிள்ளை ஒருவன், "ஐயா, மருந்திலே சேர்ப்பதும் இதுதானா?" என்று வினாவினால் யாது விடை கூறுவோம்? யான் பல்லாண்டு, "ஆம், இரண்டும் ஒன்றே" என்று கூறி வந்தேன். அவ்விடையின் தீமையை ஒருநாள் கண்டேன். வகுப்பிலே கேட்டதைப் பிள்ளை ஒருத்தி வீட்டிலே சொல்ல, தாயார் தடிமனால் வருந்திய கைக்குழந்தைக்குத் தீபக் கருப்பூரத்தைத் தேனிலே குழைத்துக் கொடுத்துவிட்டார். குழந்தைக்கு வலிப்புக் கண்டது. திருவருளால் உயிர் தப்பிற்று. பிழை அத்தாயினுடையதன்று; என்னுடையதே. அதன்பின் ஆராய்ந்து அறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

கருப்பூரம் என்னும் பெயர் ஒன்று, பொருளோ இரண்டு. முதலாவது, சீனம், யப்பான், தைவான் ஆகிய தேசங்களில் வளரும் ஒருவகை இலவங்க மரத்தின் கட்டையை நீராவியிலே வடித்துப் பெறுவது. தீபத்திற்கு உரியது இவ்வினமே. இக்காலத்திலே பெரும்பாலும் பைன் மரத் தைலத்தினின்று செயற்கையாகச் செய்யப்படுகின்றது. இரண்டாவது, சுமத்திரா, போர்ணியோ, மலாயா என்னும் நாடுகளின் காடுகளில் வானளாவி வளரும் வேறொரு மரத்தின் வயிரப் பிளவுகளிலே தானே உறைந்து கிடப்பது. இதுவே பச்சைக் கருப்பூரம். இரசாயன நூலார் இதனைப் போர்ணியோல் என்பர். முன்னதன் அணுத்திரளிலும் இதன் அணுத்திரளில் ஐதரசன் அணு இரண்டு மிகுதி. முன்னது நீரிலே மிதக்கும், இது தாழும். வேற்றுமை இவ்வளவினதாயினும் குணம் வேறாதல் காண்க.

இம்மரங்களுட் பளிங்கு உடையவை மிகச் சில. வெட்டிப் பிளந்து பார்த்தாலன்றி உண்மை அறிதல் அரிது. சோகூர் நாட்டுக் காடுவாழ் மக்கள் இதனைத் தேடிச் செல்லுங்கால் சில உணவுகளை விலக்கி, அன்றாடச் சொற்களையும் விட்டு, அதற்கென வகுத்த தனிமொழியே பேசி நோன்பு காத்தனர். இதனைப் பொன்னின் நிறைக்கு நிறை விற்றனர் என்று மார்க்கோ போலோ கூறினார். சுமத்திராவின் மேல்கரையிலுள்ள பாரூசு என்னும் பட்டினம் இவ்வாணிகத்தாற் புகழ்பெற்றது. ஆண்டு நம் தமிழ் வணிகராகிய திசையாயிரத்து ஐந்நூற்றுவர் கி. பி. 1088-இல் நாட்டிய தமிழ்ச் சாசனம் பின்னர்க் கண்டெடுக்கப்பட்டது.

சீனர் இதனை முற்காலத்தில் "பெருநாகத்தின் மூளை" என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் "பனித்தகடு" என்றனர். கி. பி. 659-இல் அரசாணையால் இயற்றப்பட்ட மருந்து நூலிலே இது இடம்பெற்றது. அடைபட்ட வாயில்களைத் திறப்பது இதன் தொழில் என்பது அவர் கொள்கை. கடுஞ்சுரத்தாலே அறிவு மயங்கிக் கிடப்பார்க்குக் கோரோசனை, கத்தூரி முதலியவற்றோடு கூட்டி உருண்டையாக்கிக் கொடுப்பர். தொண்டைப்புண், வாய்ப்புண்களுக்குப் பொடியாகத் தூவுவர். கருப்பவதிகளுக்கு விலக்குவர். ஆதலின் வைத்தியர் விதித்த அளவின்றி இதனையும் எவருக்குங் கொடுத்தல் தகாது. இம்மரமும் காடழிவினால் அருகி வருகின்றது. பச்சைக் கருப்பூரம் என்று கடைகளில் விற்பன யாவும் அம்மரத்தில் விளைந்தன அல்ல.

இனி நாம் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. கி. பி. 1116-இல் கோ சோங்ஷி என்னும் சீன வைத்தியர், இப்பொருள் தனித்துச் செல்லின் வலி குன்றும், பிற மருந்துகளுக்குத் துணையாய் நின்றால் பயன் தரும் என்னுங் கருத்தை எழுதினார். இக்காலத்தாரும் விலங்குகளிற் சோதித்து, மூளையைக் காக்கும் தடையைக் கடந்து பிற மருந்துகள் உட்புக இது உதவுகின்றது எனக் கண்டனர்.

ஆசிரியர் நிலையும் இத்தன்மைத்தன்றோ! அறிவு பிள்ளையின் ஆன்மாவிலே முன்னரே உள்ளது. மலமறைப்பினால் விளங்காது கிடக்கின்றது. அதனை விளக்குபவன் இறைவன். நாமோ வாயிலைத் திறந்து வழிவிடுந் துணைவர் மாத்திரமே. துணைவன் தானே மருந்தென்று செருக்குவானாயின் வலி இழப்பான். துணைவன் போலியாயின், திறந்த வாயிலிலே மருந்துக்குப் பதிலாக நஞ்சு புகும். என் வகுப்பிலே நிகழ்ந்தது அதுவே. அப்பிள்ளை என்னை நம்பினாள். தாய் பிள்ளையை நம்பினாள். யானோ ஆராயாது கூறினேன்.

பொய்யென்று அறிந்து சொல்வது மாத்திரமன்று, மெய்யென்று ஆராயாது சொல்வதுங் குற்றமே. அறியாததை அறியேம் என்று பிள்ளைகள்முன் கூறுதல் இழிவன்று. மறுநாள் நான் வகுப்பிலே எழுந்து, "நான் கற்பித்தது பிழை" என்றேன். பிள்ளைகள் நகைத்திலர், முன்னிலும் கூர்ந்து கேட்டனர்.

அன்பர்காள்! இனிச் சந்நிதியிலே கருப்பூரம் சாம்பரும் எஞ்சாது ஒளியாய் ஒழிதலைக் காணும்போதெல்லாம், நம்முடைய ஆணவமும் அவ்வாறே ஒழிக என்று வேண்டுவோமாக. அவ்வேண்டுதலோடு, நாளைக்குச் சொல்லும் பாடத்தை இன்றிரவே ஒருமுறை ஆராய்ந்துகொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.