நோயும் வினையும்

1898ஆம் ஆண்டுப் பிளேக்கின் பின் ஆரோக்கியமான குடியிருப்புப் பகுதியாக விரிவடைந்த பெங்களூரு மல்லேஸ்வரத்தில், காடு மல்லேஸ்வரர் சந்நிதியில் நிற்கும் பக்தர் எவரும், அக்கொள்ளைநோயில் மாண்டவர்களின் ஒழுக்கத்தை விசாரிப்பதில்லை; ஆனால் எச்.ஐ.வி. தொற்றியவரிடம் மட்டும், மருந்துக்கு முன்னே பூர்வ கர்மத்தைக் கேட்கிறோமே, இது எந்தத் தர்மம்?

கர்மம் என்பது தன் வாழ்வைத் தானே ஆராய்வதற்குரிய தத்துவமேயன்றி, பிறர் துன்பத்தின்மீது தீர்ப்பெழுதும் அதிகாரம் அன்று என்றே நான் கொள்கிறேன். கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியும், கருவிலேயே பெற்ற சிசுவும் அத்தீர்ப்பின்முன் என்ன விடை கூறுவர்?

2004 முதல் அரசு இலவசமாக வழங்கும் கூட்டு மருந்தை நாள் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவாதென விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் வேலையில் தொற்றுள்ளவர்மீதான பாரபட்சத்தைத் தடுக்கிறது. ஆயினும், பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பரிசோதனைக்கே வராதவரை எந்த மாத்திரை காக்கும்?