ஹூக் தைத்தாச்சா?

மறுநாள் உடுத்துவதை முந்தின ராத்திரியே எடுத்து வைத்துக்கொண்டால் காலை நிம்மதியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் எடுத்து வைக்கிறவள்தான். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை. பீரோ நிறையத் துணி இருக்கிறது, எதை எடுப்பது என்று குழப்பம், அந்தக் குழப்பத்தில்தான் நேரம் போகிறது என்கிறார்கள். எட்டேகால் பஸ்ஸுக்கு ஓடுகிற பெண் யாரும் சிவப்பா பச்சையா என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸை விடுவதில்லை. பச்சையை எடுத்த பிறகுதான் வினை. ஜாக்கெட்டில் நடு ஹூக் இருக்காது. உள்பாவாடை நாடா ஒரு பக்கம் உள்ளே போயிருக்கும். ஊக்கை மாட்டி அதை அங்குலம் அங்குலமாகத் தள்ளி வெளியே கொண்டு வருவதற்குள் குக்கர் விசில் அடித்து ஓய்ந்துவிடும். புடவையை உதறினால் போன கல்யாணத்துச் சாம்பார் முந்தானையில் காய்ந்து மஞ்சளாகப் பல்லிளிக்கும்.

குழப்பம்தான் பிரச்சினை என்ற கதைக்கு ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் ஆண்கள். அமெரிக்க அதிபராக இருந்தபோது ஒபாமா, 2012-இல் வானிட்டி ஃபேர் இதழுக்காகத் தன்னோடு சுற்றிய எழுத்தாளர் மைக்கேல் லூயிஸிடம், சாம்பல் அல்லது நீல சூட்டு மட்டும்தான் போடுகிறேன், வேறு பெரிய முடிவுகள் நிறைய எடுக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து மார்க் சக்கர்பெர்க் தன் சாம்பல் டி-ஷர்ட்டுக்கும் ஏறக்குறைய இதே விளக்கம் கொடுத்தார். இதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியும் உண்டு. 1998-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் கூட்டாளிகளும், சுடச்சுட பிஸ்கட் வாசனை வரும் அறையில் சிலரை உட்காரவைத்து முள்ளங்கி மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். ஆசையை அடக்கிக்கொண்டவர்கள் அதற்கப்புறம் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். மனக்கட்டுப்பாடு செலவழித்தால் தீர்ந்துபோகும் என்று அதிலிருந்து முடிவுகட்டினார்கள். முடிவெடுத்து முடிவெடுத்து மூளை களைத்துப்போகிறது என்ற பேச்சும் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்து அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்தபோது, சொல்லிக்கொள்கிறாற்போல் ஒன்றும் தென்படவில்லை.

ஒபாமாவின் சூட்டைச் சலவைக்குப் போட்டவர் யார், தேய்த்து மாட்டியவர் யார் என்று அந்தக் கட்டுரையைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர் அரசியல்வாதிகளுக்கு வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும்தான். தினமும் அதேதான். சக்கர்பெர்க் பிறப்பதற்கு முன்பே நாம் கண்ட வழி அது. எதைப் போடுவது என்ற கேள்வியே அங்கே இல்லை. அந்த வெள்ளை வெள்ளையாக இருப்பதற்குச் சொட்டு நீலம் கலந்தது யார், காலர் அழுக்கைத் தேய்த்தது யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. 2019-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை பற்றி ஓர் ஆணை வந்தது: பெண்களுக்குப் புடவை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார், சல்வார், ஆண்களுக்குச் சட்டை, பேன்ட் அல்லது வேட்டி. என்ன உடுத்துவது என்பதை அரசாங்கமே பாதி முடிவு செய்துவிட்டது. அதனால் அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குக் காலையில் ஒரு நிமிஷம் மிச்சமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு இந்தத் தத்துவம் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தெரியும். சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் வாரத்துக்கான புடவைகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் பிரித்து, கரையோரம் ஃபால்ஸ் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து அக்குளில் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு புடவையின் மடிப்புக்குள்ளேயே அதற்கான ஜாக்கெட்டும் உள்பாவாடையும் போய்விடும். மூன்றும் ஒரே கட்டு. எடுத்தால் ஒன்றாகத்தான் வரும். இது திங்களுக்கு, இது செவ்வாய்க்கு என்று அவள் அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்ததே இல்லை. எது முதலில் தயாராகிறதோ அது திங்கட்கிழமைக்கு. தையல் வேண்டியது வாரக் கடைசிக்குத் தள்ளிப்போகும். நான் வேலைக்குப் போன புதிதில் போன் பண்ணினால், என்ன புடவை கட்டப் போகிறாய் என்று கேட்கமாட்டாள். “ஹூக்கெல்லாம் தைச்சாச்சாடி?” என்றுதான் கேட்பாள்.

கைத்தறிப் புடவை கட்டுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு இன்னும் நீளம். தீபாவளித் தள்ளுபடியில் கோ-ஆப்டெக்ஸில் ஆசையாக வாங்கிவிடலாம். அதைக் கட்டும் நிலையில் வைத்திருப்பது தனி உத்தியோகம். முன்பு சோறு வடித்த கஞ்சி இருந்தது. குக்கர் வந்த பிறகு வடிப்பதே இல்லை. ஜவ்வரிசி காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் ரிவைவ் பொட்டலம். கஞ்சி திக்காகிவிட்டால் புடவை அப்பளமாக நிற்கும், கொசுவம் அடங்காது. கஞ்சியில் முக்கிப் பிழிந்து நிழலில் காயப்போட்டு, முழுக்கக் காய்வதற்குள் எடுக்க வேண்டும். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று ஒரு இழு இழுக்க வேண்டும். ஐந்தரை மீட்டரைத் தனியாளாக இழுக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கஞ்சி போடுவது வீண். காற்றில் ஈரம் இருந்தால் பஸ் நிறுத்தம் போவதற்குள் தொய்ந்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு சிந்தெடிக்தான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தாலும் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் விடமாட்டார். “ஞாயித்துக்கிழமை ஊரே கொண்டாந்து கொட்டுதுக்கா. சனிக்கிழமையே குடுத்துடுங்க” என்பார். ஆக, திங்கட்கிழமைக்கான யோசனை வெள்ளிக்கிழமை துவைக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

கொஞ்சம் துணி, ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி, அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள் என்பது இன்னொரு வழி. ஆடை வடிவமைப்பாளர் டோனா கேரன் 1985-இல் ஏழே உருப்படிகளை வைத்து நியூயார்க்கின் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதைச் செய்து காட்டினார். நம்மூரில் இதைப் புடவையில் அல்ல, ஜாக்கெட்டில்தான் செய்ய வேண்டும். புடவை யாருக்கும் சேரும். பிள்ளை பெற்றாலும் இளைத்தாலும் அதே ஐந்தரை மீட்டர்தான். இடுப்பும் கையும் மாறும்போது காலை வாரிவிடுவது ஜாக்கெட். நல்ல தையல்காரர் உள்தையல் தாராளமாக விட்டுத் தைப்பார், இரண்டு முறை பிரித்துவிட்டுக்கொள்ளலாம். கறுப்பு, மெரூன், மங்கிய தங்க நிறம் என்று மூன்று ஜாக்கெட் சரியான அளவில் இருந்தால் பீரோவில் பாதிப் புடவைக்கு வழி பிறந்துவிடும். மேட்சிங் சென்டரில் துணித் துண்டைப் பிடித்துக்கொண்டு ஷேடு ஷேடாக ஒப்பிட்டுப் பார்ப்பதை இப்போது விட்டுவிட்டேன். அது ஒரு காலத்தில் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறுக்கவில்லை.

இப்போது கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் முன்கூட்டியே மடித்து, பின் குத்தி, தேய்த்து, பெட்டி மாதிரி கட்டிக் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள்; இடுப்பில் சுற்றிச் செருக வேண்டியதுதான் பாக்கி. இதைச் சோம்பேறித்தனம் என்று பேசுகிற மாமிகள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. வீட்டுக்குள் சம்பளம் இல்லாமல், கணக்கில் வராமல் நடந்துகொண்டிருந்த ஒரு வேலைக்கு ஒரு பெண் விலை சொல்லி வாங்குகிறாள், இன்னொரு பெண் கொடுக்கிறாள். விலை வந்தவுடன்தான் அது வேலை என்பதே பலருக்குத் தெரிகிறது.

திட்டம் போட்டு வைத்ததை அப்படியே கட்டியாக வேண்டும் என்பதும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கென்று வைத்த நீலத்தைச் செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கவே பிடிக்காமல் போகும். போகட்டும். அடுத்த கட்டை எடுக்கலாம், அதிலும் ஜாக்கெட் உள்ளே இருக்கிறது. எல்லாம் தயாராக இருந்தால் மனசு மாறுவதற்கு இடம் இருக்கிறது. தயாராக இல்லாதவளுக்குத்தான் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு போக வேண்டிய கதி. ஒன்றே ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கரை அகலமில்லாத, பளபளப்பில்லாத ஒரு புடவை எப்போதும் முழுக் கட்டாகத் தனியே இருக்கும். விடியற்காலையில் போன் வந்து துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது ஹூக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அம்மா வீட்டு பீரோவிலும் அப்படி ஒன்று கீழ்த்தட்டில் இருந்தது. அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

என் புடவையோடு நின்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வீட்டில் நான்கு பேருடைய காலையும் ஒருத்தியின் ராத்திரியில் தயாராவதுதான் விவகாரம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகனிடம், உன் யூனிபார்ம் உன் பாடு என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் கசங்கிய பேன்ட்டோடு போனான். வகுப்பில் யார் என்ன சொன்னார்களோ, இப்போது சனிக்கிழமையானால் தன் துணியோடு அப்பாவின் சட்டைகளையும் அள்ளிக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போகிறான். கஞ்சிப் புடவையை இழுக்க மறுமுனையைப் பிடிப்பதும் அவன்தான். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அரைகுறையாக இழுத்து என்னிடம் திட்டும் வாங்குகிறான். அவன் அப்பாவின் சட்டைக்குப் பட்டன் தைப்பது யார் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. ஊசியையும் நூலையும் அவர் மேஜையிலேயே வைத்திருக்கிறேன்.